இரண்டாம் வார்த்தை

மார்ச் 6, சாம்பல் புதன்

லெந்து என்னும் தபசு காலம் தொடங்கியது. காலை ஆராதனைக்கு எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். மைக் நடுவில் கீச்சிட்டது. செயலர் துரைசிங்கிடம் மறுபடியும் சொல்ல வேண்டும்.

மதியம் அத்தானைக் குருமனைக்கு அழைத்து வந்துவிட்டோம். என் அக்கா பொன்மணியின் கணவர், வேதமாணிக்கம். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா போனபிறகு இதே ஊரில் மேலத்தெருவில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஈரலில் புற்று. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா இறந்தபிறகு என்னை வளர்த்தது இவரும் அக்காவும்தான். ஆகவே அழைத்து வந்தது நியாயம். என் யோசனை என்று எழுத ஆசையாக இருக்கிறது. என் மனைவி சுகந்திதான் பிடிவாதமாக நின்றாள்.

ஆராதனைக்கு வராத மனிதர் போதகரான என் வீட்டில் இருப்பதை ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அவளிடம் கேட்டேன். "ஊருக்கா கஞ்சி வைக்கப் போறேன்?" என்றாள்.

மார்ச் 9

அத்தானுக்கு முன்னறை. ஜன்னலைத் திறந்தால் கோயில் சுவர் தெரியும். மூடி வைக்கட்டுமா என்று கேட்டேன். "சுவரு என்ன பாவம் செஞ்சுது, தெறந்து போடு" என்றார்.

அக்கா உயிரோடு இருக்கும்போதே கோயிலுக்கு வருவதை நிறுத்தியவர் இவர். அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே புங்க மரத்தடியில் நிற்பார். ஏன் என்று யாரும் கேட்டால் சிரிப்பார். இன்று நானே கேட்டேன். ஏதாவது துக்கம், யார்மேலாவது கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"ஒண்ணும் நடக்கல மாப்ளே. ஒரு ஞாயித்துக்கிழமை பாட்டு பாடிக்கிட்டு இருக்கேன். நான் யாருக்குப் பாடுதேன்னு எனக்கே தெரியல. அப்பவும் தொண்டை பாட்டுக்குப் பாடிச்சு. அது எனக்குக் கூச்சமா போச்சு. அதான்."

கூச்சம் என்ற சொல்லைத்தான் சொன்னார்.

மார்ச் 13

மின்வாரியத்துக்குப் போய்வந்தேன். மாலை லெந்து கூட்டம் கீழத்தெருவில். முழங்கால் வலி.

காபி கொடுக்கப் போனபோது அத்தான் பிடித்துக்கொண்டார்.

"நான் நம்ப மாட்டேன்னு உங்க ஆண்டவருக்கு முன்னயே தெரியும்லா?"

"அவருக்குத் தெரியாதது எதுவும் இல்ல அத்தான்."

"நான் பொறக்கதுக்கு முன்னயே?"

"ஆமா."

"பெறவு நம்பாததுக்கு எனக்குத் தண்டனைன்னா, அதுல என் குத்தம் எங்க இருக்கு?"

இறையியல் கல்லூரியில் படித்ததையே சொன்னேன். நோய் முற்றும் என்று வைத்தியருக்கு முன்னமே தெரியும். அதனால் நோயை வைத்தியர் உண்டாக்கினார் என்று ஆகுமா? இந்த உதாரணத்தைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் தலையசைப்பார்கள்.

"வைத்தியர் என்னப் படைக்கல மாப்ளே. இவரு படைச்சாருல்லா" என்றார் அத்தான்.

காபி ஆறுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 14

நேற்றைய கேள்விக்கு நல்ல பதில் எழுதி வைக்க வேண்டும். அத்தானுக்காக என்பதைவிட, பிரசங்கத்தில் பயன்படும்.

மார்ச் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் துரைசிங் என்னைக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனார். இவர் மரக்கடை வைத்திருக்கிறார், அதிகம் பேசமாட்டார். கமிட்டி தீர்மானம் ஒன்று உண்டு: பல வருஷமாகத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்காதவர்களுக்குச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. போன வருஷம் முதன்முதலில் அது அமலானது இவருடைய சொந்தத் தம்பி குணசிங்குக்கு. தீர்மானத்தில் இவர் கையெழுத்தே இருந்தது. தம்பியைப் பஞ்சாயத்துப் பொதுக்காட்டில் அடக்கம் செய்தார்கள். மறுநாள் எப்போதும்போல் கடையைத் திறந்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதிய. அண்ணாச்சி நெலம எப்படி? ஜெபம் கிபம் பண்ணுதாவளா?"

அக்காவின் கல்லறை எங்கள் காலடிக்குப் பக்கத்தில்தான். அதற்கு அடுத்த இடம் வெறுமையாக இருக்கிறது. அத்தானுக்கென்று அக்காவே கேட்டு வைத்த இடம்.

"ஆண்டவர் அவரை நடத்திக்கிட்டு வாரார்" என்றேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாரையும்தான் நடத்துகிறார்.

மார்ச் 30

தண்ணீர் லாரி வரவில்லை. அத்தானுக்கு வயிற்றில் நீர் கோத்துவிட்டது. சுகந்தி கால்களைத் தேய்த்துவிடுகிறாள். என்னைக் கூப்பிட்டாள். கூட்டக் குறிப்பு எழுதுவதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்குப் பேசுபவர்கள் முடிவானார்கள். சிலுவையின் ஏழு வார்த்தைகளில் எனக்கு இரண்டாவது. கூட அறையப்பட்டு, கடைசி நேரத்தில் மனந்திரும்பிய கள்ளனுக்கு, 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்று சொன்னது. டவுனிலிருந்து கன்வென்ஷன் கமிட்டிக்காரர்கள் வந்து கேட்கப்போகிறார்களாம். மே மாத நற்செய்திக் கூட்டங்களுக்கு இன்னும் ஒரு பிரசங்கியார் தேவையாம். இதற்காக நான் யாரிடமும் போய்ப் பேசவில்லை. அவர்களாகவே கேள்விப்பட்டு வருகிறார்கள்.

ஏப்ரல் 10

அத்தானிடம் நேராகவே கேட்டேன். திருவிருந்து கொண்டுவரட்டுமா, வாயில் ஒரு துண்டு அப்பம் வைத்தால் போதும், மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றேன்.

"நம்பாம திங்கதுக்குப் பேரு என்ன மாப்ளே? தனக்கே ஆக்கினையத் திங்கான்னு உங்க புஸ்தகத்திலயே இருக்குல்லா."

"அக்கா பக்கத்துல இருக்கணும்னு ஆசையில்லையா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்கள் மஞ்சளாகிவிட்டன. அவை ஈரமானது தனியாகத் தெரிகிறது.

"இருக்கு. அந்த எடத்த நெனைக்காத நாளு கெடையாது. அதுக்காவ அவகிட்ட ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போய்ப் படுக்க முடியுமா? எத்தன வருஷம் என்ன மரத்தடியில நிக்க விட்டா. உள்ள வாங்கன்னு கையப் பிடிச்சு இழுக்கல."

பிறகு என்னைப் பார்த்தார். "நீ நம்புதியா மாப்ளே?"

பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை. அங்கி தைக்கக் கொடுத்ததை வாங்கிவரப் போக வேண்டியிருந்தது.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

பவனி நன்றாக நடந்தது. ஓலைக்குத் தட்டுப்பாடு, பக்கத்து ஊரிலிருந்து வந்தது. பவனி குருமனை வாசலைக் கடக்கையில் அத்தான் ஜன்னலில் கைவைத்து எழுந்து நின்றார். மரியாதைக்கு நின்றதாகச் சொன்னார். ஒருத்தி என்னிடம் வந்து, "அண்ணாச்சி எந்திச்சு நின்னாவளாமே, கண்ணு கலங்கிச்சாமே" என்றாள். நான் சிரித்தேன். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சுகந்தி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"மாப்ளே, நீ ஒரு காரியம் செய்யப் போற."

"என்ன அத்தான்?"

"நான் கடைசியில மனந்திரும்பிட்டேன்னு சொல்லுவ."

"அப்படிச் சொல்லமாட்டேன்."

"சொல்லுவ. ஒன்ன எனக்கு சின்னப்பிள்ளையில இருந்து தெரியும். அக்கா பக்கத்துல என்ன வைக்கணும்னு ஒனக்கு நெசமாவே ஆச. அதுக்காவச் சொல்லுதேன்னு ஒனக்கு நீயே சொல்லிக்கிடுவ. அதுல ஒரு நல்ல பிரசங்கமும் இருக்கு. அது ஒனக்கு ஏற்கெனவே தோணிருக்கும்." மூச்சு வாங்கியது. "சொல்லாதன்னு கேட்டுக்கிடுதேன். அவ்ளதான்."

சத்தியம் செய்து கொடுத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. நானாகத்தான் செய்தேன்.

சுகந்தி கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 18, பெரிய வியாழன்

இன்று தேர்தல். எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. அதனால் பாதம் கழுவும் ஆராதனையை மாலைக்குத் தள்ளி வைத்தோம். அத்தான் ஓட்டுப் போட்டே தீருவேன் என்றார். துரைசிங் காரைக் கொண்டுவந்து, நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வரிசை நீளம் என்று நினைத்தேன். காரை வேப்பமர நிழலில் நிறுத்தி இருவரும் பேசிக்கொண்டிருந்ததாகச் சுகந்தி சொன்னாள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். மையிட்ட விரலைக் காட்டி, "அரசியல்" என்றார் அத்தான்.

பிரசங்கக் குறிப்பை முடித்துவிட்டேன். ஓரத்தில் பென்சிலால் 'அத்தான்' என்று எழுதி, கேள்விக்குறி போட்டு, அடித்தேன். அடித்தேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

சொல்லிவிட்டேன்.

முதல் பத்து நிமிடம் கூட்டம் என்னோடு இல்லை. விசிறிகளின் சத்தம் கேட்டது. கன்வென்ஷன்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கள்ளன் கடைசி நேரத்தில் திரும்பிப் பார்த்தான் என்ற இடத்துக்கு வந்தேன். குறிப்பில் அடுத்த வரி வேறு. என் வாய் தன்பாட்டுக்குப் போயிற்று என்று எழுதத் தோன்றுகிறது. அது சரியில்லை. ஒரு கணம் நின்று, யோசித்து, பிறகுதான் சொன்னேன். 'இந்தக் கோயிலின் சுவருக்கு அந்தப் பக்கம், என் வீட்டில், ஒரு மனிதர் படுத்திருக்கிறார். உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். வருஷக்கணக்காய் மரத்தடியில் நின்றவர். இந்த வாரம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே என்னை நினைத்தருளும் என்று அழுதார்.'

விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பெண்கள் பக்கம் விசும்பல். நானும் அழுதேன். அந்த அழுகை நிஜம். அதுதான் எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது.

முதல் பெஞ்சில் துரைசிங் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் கன்வென்ஷன்காரர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மே மாதம் மூன்று கூட்டம் எனக்கு. அங்கியோடு வாசலில் நின்றபோதுதான் மேலே பார்த்தேன். கோபுரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் ஒன்று நேராகக் குருமனையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உடனே வீட்டுக்குப் போகவில்லை. எல்லாரிடமும் நின்று பேசினேன். சுகந்தி வந்து, "மொதல்ல போய் அண்ணன் மொகத்தப் பாருங்க" என்றாள்.

அத்தான் விழித்துத்தான் இருந்தார். நான் கதவருகே நின்றேன்.

"தெளிவா கேட்டுச்சு மாப்ளே. மைக்க சரி பண்ணிட்டிய போல."

நான் அங்கியைக் கழற்றிக் கையில் மடித்தேன்.

"உக்காரு. ஒண்ணு கேக்கணும். நீ சொல்லுவன்னு நான் முன்னயே சொன்னேன்லா?"

"சொன்னீங்க."

"நான் சொன்னதுனாலயா நீ சொன்ன?"

"இல்ல அத்தான்."

"எனக்குத் தெரிஞ்சிருந்தது ஒன் வாயப் பிடிச்சு இழுத்துச்சா?"

"இல்ல. நானாத்தான் சொன்னேன்."

அவர் தலையணையில் தலையைச் சாய்த்தார். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். முகத்தில் ஒரு கணக்கு முடிந்தவரின் களைப்புதான் இருந்தது.

"அப்போ என் கேள்வி போச்சு. இத்தன நாளா அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்னு அவரு தலையில கட்டிக்கிட்டு இருந்தேன். தெரியுறது வேற, செய்யுறது வேற. நம்பாதது நாந்தான். அத அவரு மேல போட முடியாது இனி."

"இப்பவாவது நம்பலாமே அத்தான்" என்றேன். எந்த வாயால் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வருதுன்னா வரும். வந்தா ஒனக்குச் சொல்ல மாட்டேன்" என்றார். சிரிக்கத்தான் முயன்றார், இருமலாகிவிட்டது.

ஏப்ரல் 20

ஈஸ்டருக்குப் பூ அலங்காரம். லில்லி கிடைக்கவில்லை, சம்பங்கி வைத்தோம். சுகந்தி என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேஜையில் மூடி இருந்தது.

நாளை பீடத்திலிருந்து திருத்திச் சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

சொல்லவில்லை. பண்டிகை நாளில் சபையைக் குழப்பக்கூடாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுகிறேன். பயந்தேன்.

திருவிருந்தில் வரிசையாக எல்லாரும் வந்து முழங்காலிட்டார்கள். சுகந்தி வரவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குக் கலியாணமான நாளிலிருந்து என் கையிலிருந்து வாங்காமல் இருந்ததில்லை. ஊரே பார்த்தது. அப்பத்தட்டோடு நான் அவள் இருந்த வரிசையைப் பார்த்து நின்றேன். பிறகு அடுத்தவருக்குக் கொடுத்தேன்.

துரைசிங்கும் வரவில்லை என்பதை வீட்டுக்கு வந்தபிறகுதான் உணர்ந்தேன்.

ஏப்ரல் 22

அத்தானுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. இன்று அவர் கால்களை நான் தேய்த்துவிட்டேன். சுகந்தி எண்ணெயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 24

காலை, பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அத்தான் போய்விட்டார். நானும் சுகந்தியும் பக்கத்தில் இருந்தோம். கடைசியாக எதுவும் சொல்லவில்லை. உதடு அசைந்தது. தண்ணீர் கேட்டாரோ, வேறு என்னவோ. நான் குனிந்து காதை வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு நான் எந்த அர்த்தமும் சொல்லப்போவதில்லை.

கோயில் மணி அடிக்க ஆள் அனுப்பட்டுமா என்று சுகந்தி கேட்டாள். "கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு, துரைசிங்கின் மரக்கடைக்கு நடந்தேன். சட்டை மாற்றவில்லை. கடையில் அறுவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார்.

"அத்தான் போயிட்டாங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு சொல்லணும். வெள்ளிக்கிழமை நான் பீடத்துல சொன்னது பொய். அவர் மனந்திரும்பல. என் கையப் பிடிச்சு அழல. அப்படிச் சொல்லாதன்னுதான் என்கிட்டக் கேட்டுக்கிட்டார்."

"தெரியும் ஐயா" என்றார் துரைசிங்.

எனக்குப் புரியவில்லை.

"ஓட்டுப்போட்ட அன்னைக்குக் கார்ல வச்சுச் சொன்னாவ. எனக்கு நம்பிக்கை கெடையாது துரைசிங், எனக்காவ ரூல வளைக்காத, ஒன் தம்பி பக்கத்துல போட்டுருன்னாவ. குணசிங் தனியால்லா கெடக்கான்னாவ." அவர் குரல் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. "கமிட்டியில எல்லார்ட்டயும் அன்னைக்கே சொல்லிட்டேன்."

"அப்போ வெள்ளிக்கிழமை… எல்லாருக்கும்…"

"கமிட்டிக்குத் தெரியும். ஐயரம்மாவுக்கும் தெரியும்." சபையார் சுகந்தியை அப்படித்தான் அழைப்பார்கள்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் யாரும் என்கிட்டக் கேக்கல?"

மரத்தூள் எங்கள் இருவர் மேலும் படிந்திருந்தது. அவர் துண்டால் பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார்.

"நீங்களா சொல்லுவியன்னு இருந்தோம் ஐயா. ஈஸ்டர் அன்னைக்குச் சொல்லுவியன்னு நெனச்சேன். சொல்லல. அதான் அப்பம் வாங்க முன்னால வரல."

உட்கார்ந்தேன். உயிரோடு இருப்பதே கூச்சமாக இருந்தது. நான் பீடத்தில் நின்று அழுததை அவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும் என்று ஒருவர்கூட முகத்தில் காட்டவில்லை. கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அதற்கு என்னிடம் வார்த்தை இருந்தது.

கன்வென்ஷன் கமிட்டிக்குக் கடையிலிருந்தே போன் செய்தேன். வரமுடியாது என்றேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, நான் பேசியது பொய் என்று சொன்னேன். 

பெட்டிக்கு வேண்டிய பலகையைத் துரைசிங்கே தேர்ந்தெடுத்தார்.

ஏப்ரல் 25

மாலை அடக்கம். பொதுக்காடு ஊருக்கு மேற்கே, ஓடைக்கரையில். முள் நிறைந்த உடைமரங்களும் சிவப்பு மண்ணும். குணசிங்கின் குழிமேடு ஒரு மழையிலேயே தாழ்ந்துவிட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் வெட்டியிருந்தார்கள்.

நான் அங்கி போடவில்லை. போதகராக வரவில்லை, மச்சினனாக வந்தேன். ஆள் வரமாட்டார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். வந்திருந்தார்கள். பெண்கள் ஓடையைத் தாண்டி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாட்டுப் புத்தகம் யாரும் கொண்டுவரவில்லை. நம்பிக்கை இல்லாத மனிதருக்கு என்ன பாடுவது என்று தெரியவில்லை போலும். எல்லாரும் சும்மா நின்றோம். காற்றில் மண் பறந்தது.

துரைசிங் என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க ஐயா."

"நானா?"

"நீங்கதான்."

எத்தனை அடக்கங்கள் செய்திருக்கிறேன். புத்தகமில்லாமலே ஒப்பித்துவிடுவேன். இன்று ஒரு வரிகூட வரவில்லை. சுகந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இவர் உம்மை நம்பவில்லை என்று சொன்னார். உண்மையைச் சொன்னார். நான் உம்மை நம்புகிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டு, உம்முடைய பீடத்தில் நின்று இவரைப்பற்றிப் பொய் சொன்னேன். இந்த ஜனங்களின் கண்ணீரை வாங்கினேன். இரண்டும் உமக்கு முன்னமே தெரியும். அதைச் சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ளவில்லை. அவருடையது அவருடையது. என்னுடையது என்னுடையது."

அதற்குமேல் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. வழக்கமான முடிவைச் சொல்ல நாக்கு எழவில்லை.  தலை நிமிரவும் முடியவில்லை.

"ஆமென்" என்றார் துரைசிங். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக.

பெட்டியை இறக்கினோம். துரைசிங் முதலில் மண் அள்ளினார். அதில் பாதியைத் தம்பியின் குழிமேட்டில் தூவிவிட்டு, மீதியை அத்தானுக்குப் போட்டார்.